பல்லுக்கு வந்தவர்கள்

கரோல் சரியாகத் தூங்கி முப்பத்தெட்டு நாளாகியிருந்தது. அந்த முப்பத்தெட்டு நாளுக்குள் மனநல மருத்துவரைப் பார்ப்பதற்காக அவள் மூன்று முறை புறப்பட்டுப் போனாள். முதல் முறை பல்லைச் சுத்தம் செய்துகொண்டு வந்தாள். இரண்டாம் முறையும் பல்லைச் சுத்தம் செய்துகொண்டு வந்தாள். மூன்றாம் முறை கடைவாயில் ஒரு பல்லை அடைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "முகத்துல கல்யாணக் களை வந்துடுச்சு," என்றார் அம்மா. அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற மேத்யூ, அவள் அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "சிரிப்பு முன்னவிட நல்லாருக்கு" என்று செய்தி அனுப்பினான். அந்தச் செய்தியை அவள் ஊரே தூங்கும்போது சமையலறையில் நின்றபடி படித்தாள்.

தவறு முழுவதும் அவளுடையது என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கிளினிக் அப்படி.

ஆழ்வார்பேட்டையில், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் அது இருந்தது. கீழே பல் மருத்துவர் ஹமீதுன்னிசா. மாடியில் அவருடைய கணவர், மனநல மருத்துவர் ஹபீபுர் ரஹ்மான். வாசல் பலகையில் ஆள் உயரத்துக்கு ஒரு பல் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் வேருக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் கணவரின் பெயர். இந்த இடத்தைச் சொன்னவள் சிம்ரா. தி. நகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கரோலோடு வேலை செய்பவள். "அங்க போ. உள்ள நுழையறப்ப யாராவது பார்த்தாலும் பல்லுக்குத்தான் போறேன்னு நினைச்சுக்குவாங்க," என்றாள்.

நல்ல யோசனைதான். உள்ளே போனதும் ஒருவர் கேள்வி கேட்பார் என்பது மட்டும் சிம்ராவுக்குத் தெரியாது.

அந்த ஒருவர் தனபாலன். வடபழனி டிப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றபின் இங்கே மேஜை போட்டு உட்கார்ந்தவர். கூட்டமான பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் அவருக்குப் பேச வரும். கதவைத் திறந்ததுமே, "பல்லா, மாடியா?" என்பார். ஹாலில் இருக்கிற அத்தனை தலையும் திரும்பும். வந்தவாசியிலிருந்தும் ஆரணியிலிருந்தும் வருகிறவர்கள் கூசாமல் "மாடி" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்கள். அவர்களை இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? மயிலாப்பூர், மந்தைவெளி, சாந்தோம்காரர்கள் எல்லோருக்கும் பல்லில்தான் கோளாறு.

கரோலும் சாந்தோம்காரி. முதல் முறை அவர் கேட்டபோது, "மா" வரைக்கும் வாயில் வந்தது. ஹாலில் உட்கார்ந்திருந்த ஒரு மாமி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அவளைப் பார்த்தார். "பல்," என்றாள்.

ஒரு காலத்தில் இதற்கும் ஒரு வழி இருந்ததாம். கட்டடத்தின் ஒரே கழிவறை மாடியில் இருந்தது. பல்லுக்கு என்று டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் மெல்ல எழுந்து மாடிக்குப் போவார்கள், முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வருவார்கள். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். போன சித்திரையில் ஹமீதுன்னிசா நோயாளிகளின் வசதிக்காகக் கீழேயே ஒரு கழிவறை கட்டினார். அன்றோடு மாடி டாக்டரின் தொழில் படுத்துவிட்டது. கரோல் இரண்டாம் முறை வந்தபோது தைரியத்தைத் திரட்டிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தாள். "ஏம்மா, மேல போவாத. கீயவே சூப்பரா கட்டிக்கீறோம், பளிங்கு கணக்கா," என்று தனபாலன் ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அவள் நன்றி சொல்லிவிட்டு, அவசியமே இல்லாமல், அந்தப் புதுக் கழிவறைக்குள் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

வேறு இடத்துக்குப் போகக்கூடாதா என்றால், அதையும் பார்த்துவிட்டாள். வடபழனியில் ஒரு மருத்துவமனைக்குப் போனாள். வாசலில் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் தம்புரின் அடிக்கிறவர் நின்றுகொண்டிருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் "ஒருத்தரைப் பார்க்க வந்தேன்" என்று சொல்லிக்கொண்டு, ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். தொலைபேசியில் பேசும் டாக்டர் ஒருவரையும் பிடித்தாள். கரோல் வீட்டில் கதவு சாத்திக்கொள்ளும் இடம் குளியலறை ஒன்றுதான். பேச்சு வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டாள். "அங்க மழையாம்மா?" என்று டாக்டர் கேட்டார். அதற்குள் அப்பா கதவைத் தட்டி, "கரோல், மெட்ரோ தண்ணி போய்க்கிட்டே இருக்கு," என்றார். அதோடு முடிந்தது.

படுத்த சிறிது நேரத்தில் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். பஸ்ஸைத் துரத்தி ஓடி வந்தவளுக்கு அடிப்பது போல அடிக்கும். எழுந்து போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பாள். மூடியிருக்கும். வந்து படுப்பாள். மூடியிருந்ததை உண்மையாகவே பார்த்தோமா என்று தோன்றும். மறுபடி போவாள். இப்படியே பால் பாக்கெட் வந்துவிடும்.

காரணம் என்று எதுவும் இல்லை. அதுதான் பெரிய சங்கடம். வேலை இருக்கிறது. மேத்யூ நல்லவன், பேசும்போது குறுக்கே பேசமாட்டான். வீட்டில் யாருக்கும் நோய் இல்லை. அவள் உயிர்வேதியியல் படித்தவள், காரணம் இல்லாமல் ஒரு விளைவு இருப்பதை அவளாலேயே ஒப்புக்கொள்ள முடியவில்லை. பிறருக்கு எப்படி எடுத்துச் சொல்வது? பல்வலியில் இந்தத் தொல்லை கிடையாது. "உனக்கு என்ன குறை வச்சோம், ஏன் பல் வலிக்குது?" என்று எந்த அம்மாவும் கேட்பதில்லை.

இதற்கிடையில் கோயிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை, பெண்ணின் பெயரை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கவேண்டும் என்று அறிவிப்பார்கள். இரண்டு முறை வாசித்தாயிற்று. இரண்டு முறையும் கரோல் பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாராவது எழுந்து, "இந்தப் பொண்ணு ராத்திரியெல்லாம் கேஸைப் போய்ப் போய்ப் பார்க்குது ஃபாதர்," என்று சொல்லிவிடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. ஒருவரும் எழவில்லை. ஒருவர் தும்மினார்.

ஆனால் நேற்று நடந்தது வேறு. காலையில் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு பேருடைய ரத்தக் குப்பிகளில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டாள். ஒருவருக்கு சர்க்கரை எக்கச்சக்கம். இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை. முடிவு வெளியே போவதற்குள் சிம்ரா பார்த்துவிட்டாள். இருவரும் சேர்ந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தார்கள். கைகழுவும் இடத்தில் வைத்து சிம்ரா மெதுவாகச் சொன்னாள்: "டாக்டரைப் பார்த்தியா இல்லையா? பல்லு பளபளன்னு இருக்கு, கண்ணு இப்படி இருக்கு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் சார்கிட்ட சொல்லித்தான் ஆகணும் கரோல். நான் உன் ஃப்ரெண்டுதான். ஆனா அந்த ரிசல்ட்டைப் பார்த்துத்தான் அவங்க சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கப் போறாங்க."

சிம்ரா சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் கரோல் இன்று நான்காம் முறையாகப் புறப்பட்டாள். தி. நகரிலிருந்து வரும் பஸ்ஸில் வழி முழுக்க வாய்க்குள் "மாடி, மாடி" என்று சொல்லிப் பழகிக்கொண்டே வந்தாள். கதவைத் திறந்து உள்ளே போனாள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"வாம்மா வா. உன்ன இன்னா கேக்கறது, கடவாப் பல்லுதானே? எய்திட்டேன், குந்து," என்றார் தனபாலன்.

அவர் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று தெரியாமல் அவள் போய் உட்கார்ந்தாள்.

பக்கத்து நாற்காலியில் அனந்தராமன் இருந்தார். மயிலாப்பூர் மாடவீதிக்காரர். அவள் வந்த மூன்று முறையும் அவரும் இருந்தார். அவருடைய பல் டியூப்லைட் போல இருந்தது.

"நோக்கு இன்னும் வலி போகலையா?" என்றார்.

"இல்ல மாமா. உங்களுக்கு?"

"ஈறு. என்னமோ பண்ணிண்டே இருக்கு. ஆத்துல கேட்டா ஈறுன்னு சொல்லிடறேன்." சிறிது யோசித்துவிட்டு, "ஈறுதான்," என்று சேர்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "விஷயம் தெரியுமோ? இன்னியோட மாடி க்ளோஸ்."

"க்ளோஸா?"

தனபாலனுக்குக் காது கூர்மை. "ஆமா நைனா, இன்னிக்கு எட்டு மணியோட காலி," என்று அங்கிருந்தே சொன்னார். "பேஷண்டே வர்ல, டாக்டர் இன்னா பண்ணுவாரு? கோயம்புத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரில கூப்ட்டுக்கீறாங்க, போறாரு. மாடிய அபாகஸ் கிளாசுக்கு வுட்டாச்சு. மணிய உருட்டிக் கணக்குப் போடுவாங்களே, அது. இந்த ஏரியால யாருக்கும் மனசுல ஒண்ணும் ப்ராப்ளம் கெடியாது போலகீது. அல்லாருக்கும் பல்லுதான்."

ஹாலில் இருந்த ஏழெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தங்கள் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கரோல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எழுந்து நான்கு அடி நடந்து, மேஜைக்குப் பக்கத்தில் குனிந்து, ரகசியமாகச் சொல்லிவிடலாம். அவர் ரகசியமாகக் கேட்டுக்கொள்ளமாட்டார், அது இருக்கட்டும். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியேறிவிட்டால் போதும். அவள் எழுந்தாள்.

கதவு திறந்தது. கிளாடிஸ் உள்ளே வந்தார்.

கிளாடிஸ் மேத்யூவின் அம்மா. அதற்கும் முன்பு பங்குப் பள்ளியில் கரோலுக்கு ஏழாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் கோயில் வாசலில் பிள்ளைகள் இன்னமும் அவரைக் கண்டால் நகத்தை மறைத்துக்கொள்வார்கள். நிச்சயதார்த்தத்தன்று, "இனிமே மிஸ்னு கூப்பிடாத, அத்தைன்னு கூப்பிடு," என்று சொல்லியிருந்தார்.

"மிஸ்," என்றாள் கரோல்.

"கரோலா?" கிளாடிஸ் ஒரு கணம் கதவுப் பிடியை விடவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று யோசிப்பவர் போலிருந்தது. பிறகு வந்து, எழுந்தவளை உட்காரவைத்து, அடுத்த நாற்காலியில் தானும் உட்கார்ந்து, கைப்பையை மடிமேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். "நீ எங்க இங்க?"

"பல்லு மிஸ். அத்தை."

"எந்தப் பல்லு?"

"கடைவாய்."

"காட்டு."

"இங்கயா அத்தை?"

"வாயத் திற."

ஏழாம் வகுப்பில் இருந்த பழக்கம்; அவள் திறந்துவிட்டாள். கிளாடிஸ் செல்போன் விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தார். அனந்தராமனும் எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு," என்றார் கிளாடிஸ்.

"அழகான பல்வரிசை," என்றார் அனந்தராமன்.

"உள்ள இருக்கு அத்தை. வெளிய தெரியாது," என்றாள் கரோல். பேச்சை மாற்றவேண்டும் என்று, "உங்களுக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. கிளாடிஸுக்கு வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. நான்கு வருஷத்துக்கு முன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மேலும் கீழும் செட் கட்டிக்கொண்டவர். பங்கில் அது எல்லோருக்கும் தெரியும். ஒரு கிறிஸ்துமஸில் அச்சுமுறுக்கைக் கடித்தபோது முறுக்கோடு செட்டும் கையில் வந்துவிட்டது.

"பல்லுதான்," என்றார் கிளாடிஸ்.

"அம்மா மாசாமாசம் வந்துடுவாங்க," என்று தனபாலன் உதவிக்கு வந்தார். "ரெண்டு வருசமா. செட்ட கய்வி, டைட் பாத்துக்கினு போவாங்க. அஞ்சு நிமிசம் வேல. ஆனா ரெண்டு மணி நேரம் குந்திகினுதான் போவாங்க. ஏசி கீது இல்ல."

கிளாடிஸ் ஏசியை அண்ணாந்து பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன்புதான் அவருடைய கணவர் இறந்தார். கரோல் அதை நினைத்தாள், ஆனால் அந்த நினைப்பை அதற்குமேல் கொண்டுபோகவில்லை. அவளுக்கு அவளுடைய பயமே போதுமானதாக இருந்தது. இவர் இங்கே உட்கார்ந்திருக்கும்வரை அவள் மாடிக்குப் போக முடியாது.

"அத்தை, நீங்க முன்னாடி போங்க. என் டோக்கனைத் தர்றேன்," என்றாள்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நீ முடிச்சுட்டுக் கெளம்பு. வீட்ல தேடுவாங்க."

"பரவால்ல, உங்களை ஆட்டோவுல ஏத்தி விட்டுட்டுப் போறேன்."

"எனக்கு ஆட்டோ பிடிக்கத் தெரியும். நீ போ."

"இல்ல, நீங்க."

"என்ன கரோல், சொன்னா கேக்கமாட்டியா?"

இருவரும் ஒருவர் எழுந்து போவதற்காக ஒருவர் காத்திருந்தார்கள். மேலே சுவர்க் கடிகாரம் தன்பாட்டுக்கு ஓடியது. கிளாடிஸ் தரையைப் பார்த்தபடி திடீரென்று சொன்னார்: "போன வருஷம் நம்ம கோயில்ல ஒரு ஓலை நின்னுபோச்சே, தெரியுமா? பையன் ஏதோ மனசுக்கு மாத்திரை சாப்பிடறான்னு யாரோ போய் ஃபாதர்கிட்ட சொல்லிட்டாங்க. ஃபாதர் அதெல்லாம் தடையே இல்லன்னுதான் சொன்னார். பொண்ணு வீட்டுக்காரங்க கேக்கல."

"தெரியும் அத்தை."

"ஜனங்க எப்படி இருக்காங்க பார்."

அதை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று கரோலுக்கு விளங்கவில்லை. எச்சரிக்கை என்றே எடுத்துக்கொண்டாள்.

அப்போது அவளுடைய டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஹமீதுன்னிசா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எக்ஸ்ரேயைப் பார்த்தார். "எல்லாமே நல்லா இருக்கும்மா. இந்த ஞானப்பல் மட்டும் சாய்ஞ்சு படுத்துக்கிட்டு இருக்கு. தொந்தரவு பண்ணலைன்னா விட்டுடலாம். பண்ணுதா?"

வெளியே கதவு பாதி திறந்திருந்தது. கிளாடிஸின் கருநீலச் சேலையின் ஓரம் தெரிந்தது.

"பண்ணுது டாக்டர்," என்றாள் கரோல்.

"எப்ப?"

"ராத்திரில."

"சாப்பிடும்போது இல்லையா?"

"இல்ல. படுத்தாதான்."

"தூக்கம் கெடுதா?"

"தூக்கமே இல்ல டாக்டர்."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசத்துக்கு மேல."

"அடப் பாவமே. இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே. அப்ப எடுத்துட வேண்டியதுதான். கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சுடறது நல்லது."

அத்தனை கேள்விக்கும் அவள் உண்மையைத்தான் சொன்னாள். உண்மையைச் சொல்லச் சொல்லப் பல் போய்க்கொண்டிருந்தது. இதற்குமேல் போகவிடக்கூடாது, இவரிடமாவது சொல்லிவிடவேண்டும் என்று முடிவு செய்தாள். 'டாக்டர், நான் உங்ககிட்ட வரலை' என்று தொடங்குவதற்காக வாயைத் திறந்தாள். நன்றாகத் திறந்த வாயைப் பார்த்ததும் டாக்டர், "சமத்து," என்று சொல்லி ஊசியைப் போட்டுவிட்டார்.

"மரத்துப்போகக் கொஞ்ச நேரம் ஆகும். வெளிய உட்காரு, கூப்பிடறேன்."

ஹாலுக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் கன்னம் கனத்தது. பிறகு நாக்கின் ஒரு பக்கம் காணாமல் போயிற்று. பிறகு உதடு எங்கே முடிகிறது என்பதே தெரியவில்லை. கிளாடிஸ் தன் கைக்குட்டையை எடுத்து, கேட்காமலே, அவள் கடைவாயைத் துடைத்துவிட்டார்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. டாக்டர் ஹபீபுர் ரஹ்மான் இறங்கி வந்தார். ஒரு கையில் பை, இன்னொரு கையில் ஒரு மணிபிளான்ட் தொட்டி. மெலிந்த, கூச்சமுள்ள மனிதர். ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். பன்னிரண்டு நாற்காலியில் ஒன்பது பேர் இருந்தார்கள்.

"யாராவது எனக்காகக் காத்திருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அனந்தராமன் தன் செருப்பைப் பார்த்தார். மூலையில் இருந்த இளைஞன் தாடையைப் பிடித்துக்கொண்டு முனகினான். கிளாடிஸின் கை, கைப்பையின் பிடியை இறுக்கிக்கொண்டது.

"நல்லது," என்றார் டாக்டர். "எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்கன்னு தெரியுது."

தனபாலனுக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை. மேஜையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். "மாடி கடைசி, மாடி கடைசி. ஏற வேண்டியவங்க யார்னா கீறீங்களா? அப்பால கேட்டா கெடியாது."

டாக்டர் வாசலை நோக்கித் திரும்பினார். அவர் போய்விட்டால் நாளைக் காலையும் ரத்தக் குப்பிகள் வரும். அவற்றில் பெயர் ஒட்டவேண்டும். கரோல் எழுந்து நின்றாள். பஸ்ஸில் பழகி வைத்திருந்ததைச் சொன்னாள். அவள் வாயிலிருந்து வந்தது எந்த மொழியிலும் சேராத ஒரு சத்தம்.

"இன்னாமா? வலிக்குதா?"

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். விரலை உயர்த்தி மேலே காட்டினாள். எல்லோரும் மேலே பார்த்தார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஓ, குளுருதா?" தனபாலன் எழுந்து போய் விசிறியை நிறுத்தினார்.

"ஏன்யா அணைச்சேள்? ஏசியே ஒழுங்கா வரலை, வேர்த்துக் கொட்டறது," என்றார் அனந்தராமன்.

"பொண்ணுக்கு ஊசி போட்டுகீது மாமா. அட்ஜஸ்ட் பண்ணுங்க."

கரோல் இன்னும் வேகமாக மேலே காட்டினாள். தனபாலன் ஏசியையும் அணைத்தார். டாக்டர் ஹபீபுர் ரஹ்மான் செடித்தொட்டியை அணைத்துக்கொண்டு குழப்பமாக நின்றார்.

"புரியலமா. இந்தா, எய்திக் காட்டு," என்று தனபாலன் ஒரு சீட்டையும் பேனாவையும் நீட்டினார். கரோல் பேனாவை வாங்கினாள். எழுதுவது எளிது. ஆனால் எழுதியதை அவர் வாங்கி வடபழனி டிப்போவுக்கே கேட்கும்படி வாசிப்பார். அவர் வாயால் அதைக் கேட்க அவள் விரும்பவில்லை. பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, மறுபடியும் வாயைத் திறந்து முயன்றாள். எச்சில்தான் வந்தது.

"எனக்குப் புரியும்," என்றார் கிளாடிஸ்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"பல்லெல்லாம் எடுத்துட்டு செட் வர்ற வரைக்கும் நானும் இப்படித்தான் பேசினேன். மூணு மாசம். நான் சொல்லச் சொல்ல எங்க வீட்டுக்காரர் எல்லாருக்கும் எடுத்துச் சொல்வார்." அவர் கரோலின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. அவசரப்படாம, வார்த்தை வார்த்தையா."

கரோல் சொன்னாள். வேறு யாருக்கும் புரியாது என்பதே ஒரு திரை போல இருந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். தூக்கம் இல்லாததை, நெஞ்சு அடித்துக்கொள்வதை, கேஸை, பெயர் மாறிய குப்பிகளை, காரணமே இல்லை என்பதை. பல் வலிக்கவே இல்லை, ஒருநாளும் வலித்ததில்லை என்பதையும். சொல்லும்போது கிளாடிஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் கரும்பலகையைப் பார்ப்பது போல அவள் உதட்டைக் கவனித்துக்கொண்டிருந்தது.

முடித்ததும் ஹாலில் சத்தமே இல்லை. விசிறியும் ஓடவில்லை.

"இன்னா சொல்லுது?" என்றார் தனபாலன்.

கிளாடிஸ் கைப்பையைத் திறந்தார், மூடினார். "பல்லு ரொம்ப வலிக்குதாம்," என்றார்.

"அத்தத்தான் நானும் சொன்னேன்."

கரோல் இல்லை என்று தலையை ஆட்டினாள். அப்படி ஆட்டியதில் கண்ணீர் வந்தது. மரத்துப்போன கன்னத்தில் அது ஓடுவது தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இந்த முறை சுருக்கமாக.

"ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கணும் கரோல்," என்று கிளாடிஸ் அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "இங்க ஒம்பது பேர் இருக்காங்க."

கரோல் ஆமாம் என்று தலையசைத்தாள். பிறகு விரலை உயர்த்தி, மீண்டும் மேலே காட்டினாள்.

கிளாடிஸ் எழுந்து நின்றார். காலை வழிபாட்டில் மாணவர்கள் முன் நிற்பது போல முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"இந்தப் பொண்ணுக்குப் பல்லுல ஒண்ணும் இல்ல," என்றார். வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல். "ராத்திரில தூக்கம் இல்லையாம். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதாம். மாடி டாக்டரைப் பாக்கறதுக்குத்தான் வந்தாளாம். தப்பா எழுதிட்டீங்க, மாத்தி எழுதுங்க."

டாக்டர் ஹபீபுர் ரஹ்மான் செடித்தொட்டியை மெல்லத் தரையில் வைத்தார். அனந்தராமன் தன் டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தனபாலன் பேனாவை எடுத்துப் பழையதை அடித்துவிட்டு எழுதினார். எழுதிக்கொண்டே, அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார்: "சரிம்மா. பொண்ணுக்குத் துணையா நீங்க மேல போறீங்களா?"

"துணைக்கு இல்லப்பா," என்றார் கிளாடிஸ். "நானும் அவரைப் பாக்கத்தான் ரெண்டு வருஷமா வந்துட்டு இருக்கேன்."